பிள்ளைகளைக் கொஞ்சம் சும்மா இருக்க விடுவோம்



சென்ற ஆண்டு பூஜை விடுமுறை முடிந்த கையோடு என் பேத்தியைக் கரியாஹாட்டில் ஒரு வகுப்பில் சேர்த்தோம். கீழே புடவைக் கடை, மேலே இரண்டாவது மாடியில் 'மைண்ட்ஃபுல்னஸ்' வகுப்பு. அவள் அப்போது பத்தாம் வகுப்பு. கணக்குக்கு ஒரு டியூஷன், விஞ்ஞானத்துக்கு ஒரு டியூஷன், வங்காளிக்கு ஒரு டியூஷன் என்று ஓடிக்கொண்டிருந்தவளுக்கு, மனம் அமைதியாக இருப்பதற்கும் ஒரு டியூஷன். இந்த யோசனை யாருடையது என்று கேட்டால், வெட்கத்தோடு சொல்கிறேன், என்னுடையதுதான். பணம் கட்டியதும் நான்தான்.

அங்கே ஓர் அட்டை கொடுத்தார்கள். தினமும் எத்தனை நிமிடம் உட்கார்ந்தாய், எத்தனை முறை மனம் அலைந்தது, இன்றைய அமைதிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்றெல்லாம் குறித்து, வாரக் கடைசியில் வீட்டுப் பெரியவரின் கையெழுத்தோடு கொண்டுபோக வேண்டும். நான்காவது வாரம் அந்த அட்டையை என் முன்னால் வைத்துவிட்டுச் சொன்னாள்: "தாத்தா, மூச்சு விடறதுலகூட நான் ஃபெயில்." வீட்டில் எல்லோரும் சிரித்துவிட்டோம். அவள் சிரிக்கவில்லை. அன்று இரவு அவள் சரியாகச் சாப்பிடவும் இல்லை.

அந்த வகுப்பைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அட்டையில் ஒவ்வொரு வாரமும் கையெழுத்துப் போட்டவன் நான். "இன்னைக்கு உட்கார்ந்தியா? மனசு எங்கே போச்சு?" என்று கடன்காரனைப் போலக் கேட்டவனும் நான்தான்.

மைண்ட்ஃபுல்னஸ் என்பது என்ன? நடந்ததிலும் நடக்கப்போவதிலும் அலையாமல், இந்தக் கணத்தில் உள்ள மூச்சை, ஓசையை, உடம்பை, மனதில் எழுகிற கோபத்தை, நல்லது கெட்டது என்று தீர்ப்புச் சொல்லாமல் கவனிப்பது. வேர் நம் பக்கத்துத் தியான மரபுகளில், குறிப்பாகப் பௌத்தத்தில், இருக்கிறது. 1979-இல் அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் ஜான் கபாட்-ஜின் என்பவர், தீராத வலியோடு வந்த நோயாளிகளுக்காக இதை எட்டு வாரப் பயிற்சியாக வகுத்தார். பெரியவர்களுக்கான அந்த வைத்தியம் மெல்லப் பள்ளிக்கூடங்களுக்குள் வந்தது. வியட்நாம் துறவி திக் நாட் ஹான் குழந்தைகள் கையில் நான்கு கூழாங்கற்களைக் கொடுத்தார். ஒன்று பூ, ஒன்று மலை, ஒன்று அசையாத நீர், ஒன்று வெட்டவெளி. ஒவ்வொன்றாக எடுத்து உள்ளங்கையில் வைத்து மூச்சைக் கவனிக்க வேண்டும். நம் நாட்டிலும் 2018 ஜூலையில் டெல்லி அரசுப் பள்ளிகளில் எட்டாம் வகுப்பு வரை 'மகிழ்ச்சிப் பாடம்' என்று ஒன்றைக் கொண்டுவந்தபோது, வகுப்பின் தொடக்கத்தில் சில நிமிடம் இப்படி அமர்வதையும் சேர்த்தார்கள்.

இதனால் பயன் உண்டா என்று கேட்கும் அன்பர்களுக்கு ஒரு செய்தி. பிரிட்டனில் 80-க்கும் மேற்பட்ட பள்ளிகளில், 11 முதல் 14 வயதுள்ள 8000-க்கும் அதிகமான பிள்ளைகளை வைத்துப் பெரிய ஆய்வு நடத்தி 2022-இல் முடிவை வெளியிட்டார்கள். பாதிப் பள்ளிகளில் மைண்ட்ஃபுல்னஸ் பாடம். மற்றவற்றில் வழக்கமாக நடக்கும் மனநலப் பாடமே. பிள்ளைகளின் மனச்சோர்விலோ நலத்திலோ இரண்டுக்கும் வித்தியாசம் தென்படவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லையாம். ஆசிரியர்களின் அலுப்புதான் அப்போதைக்குக் கொஞ்சம் குறைந்தது! இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்: பெரியவர்கள் மனம் ஒப்பி உட்கார்ந்தார்கள், பலன் கிடைத்தது, பிள்ளைகளுக்கு இதுவும் இன்னொரு பீரியட்.

ஆகவே இதை விட்டுவிடலாம் என்று நான் சொல்லமாட்டேன். இதைக் கொடுக்கும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த விதத்தைக் கற்க பிரிட்டன் வரை போகவும் வேண்டாம். ஹௌராவில் ரயில் ஏறி போல்பூரில் இறங்கினால் போதும். பள்ளிக்கூடம் பிடிக்காமல் படிப்பைப் பாதியில் விட்ட ரவீந்திரநாத் தாகூர் 1901-இல் சாந்திநிகேதனில் பள்ளி தொடங்கினார். காலையும் மாலையும் 15 நிமிடம் பிள்ளைகள் திறந்த வெளியில் அமைதியாக உட்கார வேண்டும் என்பது அங்கே வழக்கம். 1917-இல் நூலாக வந்த தம் அமெரிக்கச் சொற்பொழிவுகளில் அவரே இதைச் சொல்கிறார். அந்த நேரத்தில் பிள்ளைகளை யாரும் கண்காணிப்பதில்லை. என்ன நினைத்தாய் என்று கேட்பதும் இல்லை. கடவுளை நினைக்காமல் மரத்தில் ஏறும் அணிலைப் பார்த்துக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை, சத்தமில்லாமல் உட்கார்ந்தால் சரி என்கிறார் அந்தப் பெரியவர். மதனப்பள்ளி அருகே ஜே. கிருஷ்ணமூர்த்தியின் ரிஷிவேலிப் பள்ளியிலும், மாலையில் பிள்ளைகள் சூரியன் இறங்குவதைப் பார்த்தபடி மௌனமாக அமரும் 'அஸ்தாசல்' என்ற வழக்கம் உண்டு.

அணிலுக்கு இடம் கொடுத்த தாகூரையும், அட்டையில் கையெழுத்துப் போட்ட என்னையும் எண்ணிப் பார்த்தேன். நம் பேச்சிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. பிள்ளை ஓடினால் "சும்மா இரு" என்று அதட்டுகிறோம். உட்கார்ந்தால் "ஏன் சும்மா இருக்கே? புத்தகத்தை எடு" என்று அதட்டுகிறோம். சும்மா இருத்தலின் அருமையைத் தாயுமானவர் பாடிய மொழியில், அந்தச் சொல் வசவாகிவிட்டது.

ஊர் விட்டு வந்த நமக்கு இதில் கூடுதல் பொறுப்பு உண்டு. நம் பிள்ளைக்கு வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம், டி.வி.யில் ஹிந்தி. ஊருக்குப் போனால் "உன் தமிழ் ஒரு மாதிரி இருக்கே" என்பார்கள். இங்கே "மெட்ராஸி" என்பார்கள். நாம் வேறு, வந்த இடத்தில் நம் பிள்ளை பின்தங்கிவிடக் கூடாதென்று பாட்டு, நாட்டியம், அபாகஸ் என்று ஏற்றிக்கொண்டே போகிறோம். நாம் செய்யாத ஒன்றையும் அவர்களிடம் கேட்கிறோம். சாப்பிடும்போது கைப்பேசியை எடுத்து வைக்காத அப்பா, பிள்ளைக்கு மனத்தை ஒருமுகப்படுத்தச் சொன்னால் அது எடுபடுமா?

நாங்கள் அந்த வகுப்பை நிறுத்திவிட்டோம். அட்டையை நானே பழைய பேப்பர்காரனிடம் போட்டேன். சில நாள் கழித்து ஒரு மாலை, ஒன்றும் சொல்லாமல் பால்கனியில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். எங்கள் பால்கனியில் அமைதி கிடையாது. நடைபாதைக் கடைக்காரர்களின் கூவல், ஆட்டோ ஹாரன், மீன்காரருடன் யாரோ போடும் பேரம், எங்கோ ஒரு வீட்டில் சங்கு. ஐந்தாறு நாள் கழித்து அவளும் வந்து உட்கார்ந்தாள். "என்ன தாத்தா பண்றே?" "எத்தனை சத்தம் கேக்குதுன்னு பார்க்கறேன்." கொஞ்ச நேரம் கழித்து, "பதினொண்ணு. பிரஷர் குக்கரை நீ விட்டுட்டே" என்றாள். பிறகு ஓசைகளை எண்ணுவதும் நின்றுபோனது, வெறுமனே கேட்டுக்கொண்டிருப்போம். சில நாள் வருவாள், சில நாள் வரமாட்டாள். நான் கேட்பதில்லை. பரீட்சைக்கு முதல் நாள் அவளாகவே வந்து உட்கார்ந்திருந்தாள். மதிப்பெண் கூடியதா என்று அன்பர்கள் கேட்கக்கூடும். அதைச் சொன்னால் பழைய தவற்றையே திரும்பச் செய்தவன் ஆவேன்.

ஓர் எச்சரிக்கை. தூக்கமில்லாமல், சாப்பிடாமல், யாரோடும் பேசாமல், வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சோடு இருக்கும் பிள்ளையிடம் "கண்ணை மூடி மூச்சைக் கவனி" என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். நான் சொன்ன பிரிட்டன் ஆய்விலேயே, முன்பே மனச்சோர்வுக்கு ஆளாகும் நிலையில் இருந்த பிள்ளைகளுக்கு இது உதவவில்லை. சிலவற்றில் சற்றுப் பாதகமாகவும் இருந்தது. அவர்களுக்கு வேண்டியது டாக்டர். 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கிய டெலி-மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். மறைப்பதற்கு இதில் ஒன்றும் இல்லை. ஜுரம் வந்தால் நாலு பேரிடம் சொல்கிறோமே!

நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு தொடங்குமுன் 10 நிமிடம் ஒதுக்குங்கள். கட்டணம், சான்றிதழ், ஆண்டு விழாவில் பரிசு, எதுவும் வேண்டாம். பிள்ளைகளை விட்டுவிட்டு வாசலில் பேசிக்கொண்டு நிற்கும் பெற்றோரும் உள்ளே வந்து, கைப்பேசியை ஒரு தட்டில் வைத்துவிட்டு, கூடவே உட்காரட்டும். கண்ணை மூட விரும்பாத பிள்ளை ஜன்னலைப் பார்க்கட்டும். பத்து நிமிடம் ஆனதும் யாரும் யாரையும் ஒன்றும் கேட்காமல் ஆனா ஆவன்னாவைத் தொடங்கலாம். செயற்குழு சம்மதித்தால் தட்டு நான் கொண்டுவருகிறேன். பெரிய தட்டாகவே கொண்டுவருகிறேன். என் வீட்டிலேயே ஐந்து கைப்பேசி இருக்கிறது.