மண்டைக்கு என்ன விலை?

கொளத்தூர் வண்ணமீன் கடைகளில் விரல் நீளக் குஞ்சைக் காட்டி, "அண்ணே, இதுக்கு மண்டை எப்ப வரும்?" என்று கேட்பவர்களைப் பார்க்கலாம். ஃப்ளவர்ஹார்ன் வாங்க வந்தவர்கள். கடைக்காரர் பதிலுக்குத் தகப்பன் மீனைக் காட்டுவார். காசு அந்தப் புடைத்த நெற்றிக்குத்தான். குஞ்சுக்கும் அப்படிப் புடைக்குமா என்பது அவருக்கே தெரியாது.

இந்த மீன் எந்த ஆற்றிலும் பிறந்ததல்ல. 1990களில் மலேசியாவில் நடு அமெரிக்க சிக்லிட் மீன்களைக் கலந்து உருவாக்கினார்கள். விலாவில் சீன எழுத்துப்போல் விழும் கறுப்புத் திட்டுகளை அதிர்ஷ்டம் என்றார்கள். இங்கே இறங்கியதும் அது 'வாஸ்து மீன்' ஆகிவிட்டது. (வாஸ்து வகுத்ததாகச் சொல்லப்படும் மயனுக்கு மலேசியக் கலப்பினம் எப்படித் தெரிந்ததோ!) அதிர்ஷ்டத்தை நம்பி ஆயிரங்களைக் கொட்டினார்கள். ஆனால் ஒரு ஜோடி ஒரே ஈட்டில் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். மொட்டைமாடித் தொட்டிகளில் ஆளாளுக்குக் குஞ்சு பொரித்தால் விலை எங்கே நிற்கும்? சிங்கப்பூரில் மோகம் வடிந்ததும் நீர்த்தேக்கங்களில் கொண்டுபோய் விட்டவர்கள் உண்டு.

முன்பு ஆயிரங்களைக் கொட்டியவர், இன்று சல்லிசாக விற்பதைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று குமுறுகிறார். விலை இறங்கியதில் மோசடி எதுவும் இல்லை. மீனைத் தங்கக்காசுபோல் வாங்கியது அவர் தப்பு. மண்டை நிச்சயம் என்று வாக்குக் கொடுத்து விற்றவரைத்தான் நான் விடமாட்டேன். பத்தாண்டுகூட வாழக்கூடிய, முரட்டுக் குணமுள்ள மீன் அது. இவ்வளவு பேரம் நடக்கிற கடையில், எத்தனை லிட்டர் தொட்டி வேண்டும் என்ற கேள்வி மட்டும் கடைசிவரை எழுவதில்லை.