சீதன வீடும் வயற்காணியும்

எங்கள் பிரதேசத்தில் வயல் நிரப்புவதைப் பற்றிப் பேச்சு வந்தால் குற்றம் எப்போதும் வேறு யாரோ ஒருவர் தலையில்தான் போய் விழும். காணித் தரகர் என்பார்கள், அரசியல்வாதி என்பார்கள், கிறவல் ஏற்றும் டிப்பர்காரர் என்பார்கள். அவர்களுக்கும் பங்கு இருக்கலாம். ஆனால் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் மேற்குப் பக்கமாக வயலுக்குள் இறங்கும் ஏதாவது ஒரு வீதியில் போய், புதிதாக எழும்பும் வீடுகள் யாருக்காக என்று கேட்டுப் பாருங்கள். "மகளுக்கு" என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வரும். எனக்காகவும் அப்படி ஒன்று கட்டுவதற்குப் பேச்சு நடக்கிறது. ஆகவே இதைப் பற்றி அபிப்பிராயம் சொல்ல எனக்கும் உரிமை உண்டென்று நினைக்கிறேன்.

உயர்தரத்தில் புவியியல் படிப்பதால் ஊரை வரைபடமாகப் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. கிழக்கே கடல், மேற்கே வயல். நடுவில் பிரதான வீதியின் இரு பக்கமும் பெரியநீலாவணை, மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊர்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. பெயர்ப்பலகை இல்லாவிட்டால் ஓர் ஊர் எங்கே முடிந்து அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூரார் கண்டுபிடிப்பது கஷ்டம். கடற்கரையிலிருந்து வயலோரம் வரையுள்ள அகலத்தைச் சில இடங்களில் கால் மணித்தியாலத்தில் நடந்து கடந்துவிடலாம். இந்த ஒடுங்கிய மணற்பட்டியில்தான் வீடு, பள்ளிவாசல், பாடசாலை, சந்தை, மையவாடி எல்லாமே இருக்கின்றன.

மேற்கே உள்ள வயல்களைக் கரைவாகு வட்டை என்போம். பழைய காலத்தில் இந்தப் பற்றுக்கே கரைவாகு என்றுதான் பெயர். 1949இல் கல்லோயாத் திட்டம் தொடங்கி, இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரம் தேக்கப்பட்ட பிறகு இரண்டு போகமும் தண்ணீர் வரும் வாய்ப்புக் கிடைத்தது. எங்கள் பேச்சில் வேளாண்மை என்றால் அது நெல்தான்; வேறு பயிருக்கு அந்தச் சொல்லை நாங்கள் பாவிப்பதில்லை.

இந்த ஊர்கள் மேற்கே நகரத் தொடங்கியதற்குப் பெரிய காரணம் 2004 டிசம்பர் 26. அப்போது நான் பிறக்கவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். இலங்கையில் ஆகக்கூடிய உயிரிழப்பு இந்த மாவட்டத்தில்தான். அடுத்த வருடம் அரசாங்கம், தெற்கு, தென்மேற்குக் கரைகளில் 100 மீற்றருக்குள்ளும் வடக்கு, கிழக்குக் கரைகளில் 200 மீற்றருக்குள்ளும் வீடு கட்டக் கூடாது என்றது. கால் மணித்தியாலத்தில் நடந்து முடிக்கும் ஊரில் 200 மீற்றரைக் கழித்தால் மிச்சம் என்ன? பின்னர் அந்த விதி தளர்த்தப்பட்டது. ஆனாலும் பயந்த சனம் கடலோரத்துக்குத் திரும்ப விரும்பவில்லை. சாய்ந்தமருதில் பொலிவேரியன் கிராமம் மேற்குப் பக்கமாக உருவானது. அக்கரைப்பற்றுப் பகுதி மக்களுக்காக நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள் கட்டப்பட்டன; வழக்கு ஒன்றினால் அவற்றைப் பகிர்ந்தளிப்பது தடைப்பட்டு, வீடுகள் வருடக் கணக்கில் பூட்டியே கிடந்தன. வீடு கட்டி முடித்தும் குடியேற முடியாமற் போன அந்தக் கதையைக் கேட்ட பிறகு, "நம்மட வயல் இரிக்கே, அதில கட்டுவம்" என்று ஒரு வாப்பா நினைத்தால் அவரை எப்படிக் குறை சொல்வது?

ஆனாலும் சுனாமி ஒரு தடவைதான் வந்தது. குமர்க் காரியம் ஒவ்வொரு வீட்டிலும் ஒவ்வொரு தலைமுறையிலும் வருகிறது.

கிழக்கு மாகாணத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பார். மூத்தவளுக்குத் தாய் வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்தவளுக்காகப் பெற்றோர் பக்கத்து வளவில் இன்னொரு வீட்டைக் கட்டி அதற்கு மாறுவார்கள். அவள் முடித்ததும் மூன்றாவது. இங்குள்ள தமிழ் மக்களிடமும் இதே வழக்கம்தான். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் பல காலம் தங்கி ஆராய்ந்து இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சுனாமிக்குப் பிறகு திரும்பி வந்தும் சீதன வீட்டைப் பற்றியே ஆராய்ந்திருக்கிறார். அலையில் போன ஒரு வீடு பல இடங்களில் ஒரு குமரின் சீதனமாகவும் இருந்தது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். என் உம்மம்மாவின் உம்மாவுக்கு 40 பேர்ச் வளவு இருந்ததாம். அவருக்கு மூன்று பெண்கள். அவர்களுக்குள் பிரிந்து, பிறகு அவர்களுடைய பெண்களுக்குள் பிரிந்து, இன்று எங்கள் வீடு நிற்பது ஆறரைப் பேர்ச்சில். அதை ராத்தாவுக்கு எழுதியாகிவிட்டது. எனக்கும் தங்கச்சிக்கும் இருப்பது வட்டையில் வாப்பாவின் அரை ஏக்கர், அதாவது 80 பேர்ச். அதை நிரப்பினால் எங்கள் இருவருக்கும் வீடு வரும், மிச்சத்தை விற்றுக் கட்டுமானச் செலவையும் சமாளிக்கலாம். வீட்டுக் கணக்குக்கு இது பொருந்துகிறது. ஊர்க் கணக்குக்குத்தான் பொருந்தவில்லை.

வயற்காணி எப்படி வீட்டுக் காணியாகிறது என்பதை நான் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறேன். முதலில் ஒரு போகம் விதைக்காமல் விடுவார்கள். பிறகு நாலு மூலையிலும் தென்னம்பிள்ளை நிற்கும். ஒரு நாள் சுபஹுக்குப் பிறகு பார்த்தால் பத்து டிப்பர் கிறவல் கொட்டிக் கிடக்கும். அதற்கடுத்து மதில். இடையில் ஓடிய வாய்க்கால் மதிலுக்குள் அகப்பட்டுவிடும். பின்னாலுள்ள வயற்காரருக்குத் தண்ணீர் வராது, வந்தால் வடியாது. இரண்டு போகம் நட்டப்பட்ட பிறகு அவரும் காணிக்கு விலை பேசத் தொடங்குவார். இப்படி ஒரு வீட்டுக்காக நிரப்பும் காணி பக்கத்து மூன்று வயல்களையும் சேர்த்தே கொன்றுவிடுகிறது. இதற்குச் சட்டம் இல்லாமல் இல்லை. 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல அபிவிருத்தி ஆணையாளர் நாயகத்தின் எழுத்துமூல அனுமதியில்லாமல் வயற்காணியை நிரப்பக் கூடாது. சட்டம் புத்தகத்தில் இருக்கிறது, கிறவல் வயலில் இருக்கிறது.

நெல் குறைவது மட்டும்தான் நட்டம் என்றால் அரிசியைக் கடையில் வாங்கலாம் என்று யாராவது வாதிடுவார்கள். தண்ணீருக்கு என்ன செய்வது? மாரியில் மேற்கேயிருந்து வரும் வெள்ளம் கடலுக்குப் போகுமுன் நின்று பரவும் இடம் இந்த வயல்வெளிதான். 2011 ஜனவரி வெள்ளத்தை எங்கள் பெற்றோர் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் வீதியை மூடிப் பாய்ந்த வெள்ளம், உழவு இயந்திரத்தில் வீடு திரும்பிய மத்ரஸா மாணவர்களை அடித்துச் சென்றதை நாங்கள் எல்லோருமே அறிவோம். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக. அந்த வெள்ளம் வயல் நிரப்பியதால் வந்தது என்று நான் சொல்லவில்லை. அது புயலோடு வந்த மழை. அந்த வெளியில் எவ்வளவு தண்ணீர் வரும் என்பதை அன்று கண்ணால் கண்டோம் என்று மட்டும் சொல்கிறேன். அதே வெளியில்தான் எங்களுக்கு வீடு கட்டப் பார்க்கிறார்கள்.

சீதனமே வேண்டாம் என்று எழுதினால் கைதட்டல் கிடைக்கும். மஹர் கொடுப்பது மாப்பிள்ளையின் கடமை, பெண் வீட்டார் வீடு கொடுக்க வேண்டுமென்று மார்க்கம் சொல்லவில்லை என்பதும் உண்மை. இருந்தாலும் வீடு பெண்ணின் பெயரில் இருப்பதை விட்டுக்கொடுக்க எனக்கு மனமில்லை. வீட்டை விட்டு வெளியே போ என்று ஒரு பெண்ணிடம் யாரும் சொல்ல முடியாது என்பது சிறிய விடயமல்ல. நான் மாற்றச் சொல்வது "தனிக் காணியில் தனி வீடு" என்ற பிடிவாதத்தை மட்டுமே. ராத்தாவின் வீட்டுக்கு மேலே எனக்கு ஒரு மாடி, அதற்கு மேலே தங்கச்சிக்கு ஒன்று. இதுதான் நான் வாப்பாவிடம் கேட்டது.

"மேல் மாடியக் குடுத்தா, அரை ஊடுதானே குடுத்தாங்க எண்டு சனம் செல்லும்" என்றார். உம்மாவுக்கு வேறு கவலை: இரண்டு மருமகன்மார் ஒரே வாசலால் போய்வந்தால் பெண்பிள்ளைகளின் மறைவு என்னாவது? இது நியாயமான கேள்வி. படிக்கட்டை வெளிப்புறமாக, தனி வாசலோடு வைத்தால் தீரும். மாடிக்கு உறுதி எழுத முடியாது என்ற பேச்சும் இருக்கிறது. மாடிக் குடியிருப்புகளின் உரிமை பற்றி 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அதன்படி வரைபடம் தயாரித்துப் பதிந்தால் ஒவ்வொரு மாடிக்கும் தனி உரித்து வைக்கலாம். கொழும்பில் மாடி வீடு வாங்குவோர் இதன்படிதான் வாங்குகிறார்கள். இதை எங்கள் ஊரில் எடுத்துச் சொல்லத்தான் ஆளில்லை. செலவு கூடாதா என்பார்கள். அரை ஏக்கரை நிரப்பும் கிறவலின் விலையை முதலில் எழுதிப் பாருங்கள்.

சனம் என்ன சொல்லும் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. அதற்குப் பள்ளிவாசல் நிர்வாகமும் கதீப்மார்களும்தான் பதில் சொல்ல வேண்டும். சீதனம் பற்றிய குத்பாக்களில் மாடி வீட்டையும் முழு வீடாக ஏற்கச் சொல்லி ஒரு வார்த்தை சேர்த்தாலே பல வயல்கள் தப்பும். மகன்மாருக்குப் பெண் பார்க்கும் தாய்மார்களிடமும் ஒரு வேண்டுகோள்: "எத்தின பேர்ச்?" என்று கேட்பதை விட்டுவிடுங்கள்.

வாப்பா இன்னும் முடிவு சொல்லவில்லை. போன கிழமை மேசனைக் கூட்டி வந்து வீட்டின் அத்திவாரத்தைக் காட்டினார். ஒரு மாடிக்குத் தாங்கும், இரண்டுக்கு என்றால் தூண் போட வேண்டுமென்று மேசன் சொல்லியிருக்கிறார். அரை ஏக்கரில் இந்தச் சிறுபோகத்துக்கு விதைத்தாகிவிட்டது.