குழந்தைகள் காய்கறி உண்ண வழி என்ன?

"சோற்றிலே ஒரு கீரை இலை கிடந்தாலும் பையன் பொறுக்கி எறிந்துவிடுகிறான், என்ன செய்வது?" ஆலை வாசலிலும் நடவு வயலிலும் தாய்மார்கள் நம்மிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இது அடுப்படிச் சங்கதி, தொழிலாளர் பத்திரிகைக்கு இதில் என்ன வேலை என்று சில தோழர்கள் நினைக்கலாம். வேலை இருக்கிறது.

2015-16ல் மத்திய சர்க்கார் நடத்திய தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் ஆறு மாதத்திற்கு மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு 51 பேருக்கு இரத்தச்சோகை இருந்தது. 2019-21 கணக்கெடுப்பில் அது 57 ஆயிற்று. குறைய வேண்டியது கூடிவிட்டது! குடற்புழு, தாயின் சோகை, பருப்பும் முட்டையும் எட்டாத வறுமை என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. கீரையும் காயும் இல்லாத தட்டும் அவற்றில் ஒன்று. சோகை பிடித்த பிள்ளை சோர்ந்து கிடக்கும். படிப்பில் மனம் செல்லாது.

காயை மறுக்கும் பிள்ளையைப் பிடிவாதக்காரன் என்று ஏசுவதும், தாய்க்கு வளர்க்கத் தெரியவில்லை என்று பழிப்பதும் தவறு. இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதிய பண்டத்தைக் கண்டு தயங்குவது குழந்தையின் இயல்பு. இனிப்பு பிறந்த நாளிலேயே பிடிக்கும், கசப்பு பிடிக்காது. ஆனால் நாக்கு பழகக்கூடியது. ஒரே காயைச் சிறிது சிறிதாக எட்டுப் பத்து முறை, சில பிள்ளைகளுக்குப் பதினைந்து முறை, கொடுத்து வந்தால் பெரும்பாலும் ஏற்றுக்கொள்கிறார்கள். பல தேசத்து விஞ்ஞானிகள் சோதித்துக் கண்ட உண்மை இது.

வர்க்க பேதம் இங்கேதான் வந்து நிற்கிறது. பத்து முறை பீன்ஸ் பொரியல் குப்பைக்குப் போனாலும் பங்களா வீட்டுக்கு நஷ்டம் தெரியாது. அரிசி, வாடகை, கடன் தவணை எல்லாம் போக மிஞ்சிய காசில் காய் வாங்கும் தாய், பிள்ளை இரண்டு முறை துப்பிவிட்டால் மூன்றாம் முறை அதை வாங்கத் துணிவாளா? பட்டினி கிடக்கக்கூடாதே என்று, அவன் தின்பதையே வாங்கிக் கொடுக்கிறாள். அவளுக்கு அறிவு போதவில்லை என்று சொல்பவர்கள் அவள் கூலியை எண்ணிப் பார்க்கட்டும்!

தின்பண்டக் கம்பெனி முதலாளி இந்தக் கணக்கை நன்றாக அறிவான். ஆகவேதான் ஐந்து ரூபாய்ப் பொட்டலம் குக்கிராமத்துப் பெட்டிக்கடையிலும் சரம் சரமாகத் தொங்குகிறது. பிள்ளை அதைத் துப்பாது. தாயின் காசு வீணாகாது. மாவும் எண்ணெயும் உப்பும் வயிற்றை அடைத்த பிறகு சோற்றுக்கே பசியில்லை. கீரைக்கு எங்கே இருக்கும்?

அப்படியானால், காசு வீணாகாமல் நாக்கைப் பழக்குவது எப்படி?

பிள்ளைக்கென்று தனியாகச் சமைக்க வேண்டாம். பெரியவர்களுக்குச் செய்ததில் ஒரு சிறு கரண்டி மட்டும் அவன் தட்டில் வையுங்கள். துப்பினால் நஷ்டம் அந்தக் கரண்டியளவுதான். அடுத்த முறை சமைக்கும்போதும் வையுங்கள். அடிக்க வேண்டாம், வாயில் திணிக்க வேண்டாம். "கீரை தின்றால் மிட்டாய் தருகிறேன்" என்ற பேரமும் வேண்டாம். மிட்டாய் பரிசு, கீரை தண்டனை என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். சாப்பாட்டுக்கு முன்னால் பொட்டலம் கூடாது. சாப்பாட்டோடு டீயும் கூடாது. அது இரும்புச் சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும்.

ஆறு மாதம் முடிந்து சோறு ஊட்டத் தொடங்கும்போதே மசித்த பூசணியையும் கீரையையும் பருப்போடு சேர்த்து ஊட்டுங்கள். முருங்கைக்கீரையை அடையில் போடலாம். கீரைக் கடைசலில் சிறிது எண்ணெய் விட்டால் வைட்டமின் 'ஏ' உடம்பில் சேரும். சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டால் இரும்புச் சத்து நன்றாகச் சேரும். களையெடுக்கும் பெண்கள் பண்ணைக்கீரையை மடியில் கட்டி வருவது நல்ல வழக்கம். ஆனால் களைக்கொல்லி தெளித்த வயலின் கீரையைத் தொடாதீர்கள்.

ஆண் தோழர்களுக்கும் ஒரு சொல். சாம்பாரிலுள்ள கத்தரிக்காயை நீங்கள் தட்டோரம் ஒதுக்கினால், எதிரே உட்கார்ந்திருக்கும் பிள்ளையும் ஒதுக்கும். கூட உட்கார்ந்து தின்று காட்டுங்கள். காய் நறுக்குவதும் பிள்ளைக்கு ஊட்டுவதும் ஷிப்டு முடிந்து வந்த தாயின் வேலை மட்டுமா?

வீட்டில் செய்யக்கூடியது இவ்வளவு. மிச்சத்தைக் கூலிதான் தீர்மானிக்கும். குன்னூரில் போஷாக்கு ஆராய்ச்சி நிலையத்தை நடத்திய டாக்டர் அய்க்ராய்டின் கணக்கை வைத்து, 1957ல் 15வது இந்தியத் தொழிலாளர் மாநாடு குறைந்தபட்சக் கூலிக்கு அளவுகோல் வகுத்தது. தொழிலாளியின் குடும்பம் மூன்று நபருக்குச் சமம். நபருக்கு நாளொன்றுக்கு 2,700 கலோரி. மனைவி மக்கள் சம்பாத்தியத்தைச் சேர்க்கக்கூடாது என்றது. அய்க்ராய்டு சொன்ன சமச்சீர் உணவில் கீரையும் காயும் உண்டு. கூலி பேசும்போது அரிசி விலையோடு காய் விலையையும் நாம் கேட்க வேண்டும்.

இன்னொரு உரிமையும் நமக்கு உண்டு. 1956ல் காமராஜர் ஆட்சியில் பள்ளிகளில் மதிய உணவு தொடங்கியது. 1982ல் சத்துணவாக விரிந்தது. மத்திய சர்க்காரின் மதிய உணவுத் திட்ட விதிப்படி தொடக்கப் பள்ளிப் பிள்ளைக்கு நாளொன்றுக்கு 50 கிராம் காய்கறி. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை 75 கிராம். ஏழைத் தாயால் பத்து முறை வீணாக்கிப் பார்க்க முடியாத காயை, பொதுச் செலவில் தினமும் பிள்ளை முன் வைக்கக்கூடிய இடம் பள்ளிதான். வீட்டில் தொடாததைப் பந்தியில் பக்கத்துப் பிள்ளை தின்பதைப் பார்த்துத் தானும் தொடும்.

ஆகவே சங்கக் கிளைகளும் மாதர் அமைப்புகளும் மாதம் ஒரு முறையாவது பள்ளிக்கும் அங்கன்வாடிக்கும் சென்று அண்டாவைப் பாருங்கள். அந்த 50 கிராம் சாம்பாரில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் சமைக்கும் ஊழியரை ஏசாதீர்கள். அவரும் நம்மைப் போல் குறைந்த ஊதியத்தில் உழைப்பவர். காய்க்கு ஒதுக்கும் பணம் சந்தை விலையோடு உயர வேண்டும் என்ற கோரிக்கையை அவரையும் சேர்த்துக்கொண்டு எழுப்புங்கள். பள்ளி வளாகத்தில் இடமிருந்தால் நாலு முருங்கைக் கிளையை நட்டு வையுங்கள்.

இன்று இரவே பிள்ளையின் தட்டில் ஒரு கரண்டி கீரை வையுங்கள். துப்பினால் விடுங்கள், அடுத்த முறை மறுபடி வையுங்கள்.