மண்ணூரில் கடன் வாங்கி அறை கட்டி வாடகைக்கு விடலாமா? கணக்கு இதுதான்!

காஞ்சிபுரம் மாவட்டம் மண்ணூரைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் எனத் தொழிற்பேட்டைகள். வேலைக்கு வரும் வெளியூர்க்காரர்களுக்குத் தங்க இடம் வேணும். சொந்த மனையில் நாலு அறை கட்டிப் போட்டால் மாசாமாசம் காசு வருமே என்று தோன்றுவது இயல்பு. ஆனால், கணக்கு என்ன சொல்கிறது?

ஓர் உதாரணம்

கடன் 15 லட்சம் ரூபாய், வட்டி 9 சதவீதம், 15 ஆண்டுகள் என வைத்துக்கொள்வோம். மாதத் தவணை சுமார் 15,200 ரூபாய். அறைக்கு 4,000 வீதம் நாலு அறைக்கு வாடகை 16,000 ரூபாய். மிச்சம் 800 ரூபாய்தான். ஓர் அறை காலியானால் கைக்காசு 3,200 ரூபாய் போடணும்.

அறை ஏன் காலியாகும்?

2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை 2014 நவம்பரில் மூடப்பட்டது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். ஆலை நின்றால் அதை நம்பிய வாடகையும் நிற்கும்.

போட்டியும் உண்டு. பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் சிப்காட் குடியிருப்பு, 706.50 கோடி ரூபாய் செலவில் கட்டப்பட்டு 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது.

என்ன செய்யலாம்?

* முதலில் சேமிப்பிலிருந்து இரண்டு அறை. அது நிரம்பிய பிறகு அடுத்தது.
* கடன் வாங்கினால் ஆறு மாதத் தவணையைத் தனியாக எடுத்து வைக்கணும்.
* ஒரே ஆலை ஆட்களுக்கே எல்லா அறைகளையும் விடக் கூடாது.

அறை காலியாகக் கிடந்தாலும் தவணைத் தேதி தள்ளிப்போகாது.