முதலில் களத்துமேட்டில் கேளுங்கள்

தை அறுவடையில் மழை பிடித்துக்கொண்டால், போலகம் போன்ற கடைமடை ஊர்களில் ஈர நெல்லைச் சாலையில் கொட்டிக் கிளறுகிறோம். கொள்முதலுக்கு ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. இங்கே நடமாடும் நெல் உலர்த்தியை வாடகைக்கு விடலாம் என ஒரு இளைஞருக்குத் தோன்றினால், அது நல்ல யோசனை. நல்ல தொழிலா?

இத்தகைய யோசனைகளைத் தொழிலாக்கவே மத்திய அரசின் ராஃப்தார் திட்டம் 2 மாதப் பயிற்சி தருகிறது. மாதம் ரூ.10,000 உதவித்தொகை உண்டு. தேர்வாகும் யோசனைக்கு ரூ.5 லட்சம் வரையும், அடுத்த கட்டத்தில் ரூ.25 லட்சம் வரையும் மானியம் கிடைக்கும். கோவை வேளாண் பல்கலைக்கழகத்திலும் தஞ்சாவூர் நிஃப்டெம் நிறுவனத்திலும் இதற்கான மையங்கள் உள்ளன.

அந்த 2 மாதத்தில் ஒரு மாதமாவது களத்துமேட்டில் கழிய வேண்டும். இயந்திரம் வாங்கும் முன், இரவல் இயந்திரத்தில் பத்து விவசாயிகளின் நெல்லை உலர்த்திப் பார்க்கட்டும். மூட்டைக்கு என்ன கூலி தருவார்கள்? எரிபொருள் செலவு கட்டுமா? மழையில்லாத ஆண்டில் இயந்திரத்துக்கு என்ன வேலை? ‘நல்லாயிருக்கு தம்பி’ என்ற பாராட்டு கணக்கில் சேராது. முன்பணம் தருபவரே வாடிக்கையாளர்.

யாரும் தராவிட்டால் யோசனையை அங்கேயே விட்டுவிடலாம். கடன்பட்டபின் விடுவதைவிட அது மேல். காரைக்கால் வேளாண் கல்லூரியும் வேளாண் அறிவியல் நிலையமும் வரும் அறுவடையிலேயே இப்படியொரு களப் பயிற்சியைத் தொடங்கலாம்.