ஹட்டன் யாருடைய நகரம்?

ஹட்டன் - டிக்கோயா நகர சபையின் எல்லைக்குள் வசிப்பவர்களை மட்டும் எண்ணினால் ஹட்டன் ஒரு சிறிய நகரம். பொகவந்தலாவை, நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலைத் தோட்டங்களிலிருந்து சம்பள நாளிலும் தீபாவளிக்கும் வந்திறங்கும் கூட்டத்தையும் சேர்த்தால் கணக்கே வேறு. டிசம்பர் முதல் மே வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர்களும் வருவார்கள். பஸ் தரிப்பிடம், மலசலகூடம், குடிநீர், குப்பை எல்லாம் இத்தனை பேருக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். ஆதன வரி கட்டுவதோ எல்லைக்குள் கடையும் வீடும் வைத்திருப்பவர்கள் மட்டும்தான்.

பிரதான வீதியில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்கு இது தெரியாததல்ல. மழையில் தோட்டத்துப் பாதை உடைந்தால் அந்த வாரம் கல்லாப்பெட்டியிலும் அது தெரியும்.

ஆனால் கோளாறு நகரத்தில் தொடங்கவில்லை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டக் குடியிருப்புகளுக்குச் சபை நிதியைச் செலவிடத் தடையாக இருந்தது. வாக்குக் கேட்டு லயத்துக்குப் போகலாம். வென்ற பிறகு அந்த லயத்துப் பாதையில் ஒரு லோட் கல் கொட்ட முடியாது. முப்பது வருடங்களுக்கு மேல் இப்படியே போனது! 2018இல்தான் அது திருத்தப்பட்டது. அந்த வருடத் தேர்தலுக்கு முன்னரே அம்பகமுவ, நுவரெலியா பிரதேச சபைகளைப் பிரித்து நோர்வூட், மஸ்கெலியா, கொட்டகலை, அக்கரப்பத்தனை சபைகளையும் உருவாக்கினார்கள்.

சட்டம் மாறியது, நிலம் மாறவில்லை. 1992இல் கம்பனிகளின் கைக்குப் போன தோட்டங்கள் இன்னும் நீண்டகாலக் குத்தகையில்தான் உள்ளன. பாதை போட நினைக்கும் சபை தோட்ட நிர்வாகத்தோடு பேசித்தான் ஆக வேண்டும். கடைத்தெரு சிறிதாக உள்ள சபைக்குச் சொந்த வருமானமும் சிறிதுதான்.

டிக்கோயா கிளங்கன் வைத்தியசாலையைப் பாருங்கள். இந்திய உதவியில் 150 கட்டில்களுடன் கட்டப்பட்டு, 2017 மே 12இல் பிரதமர் மோடி திறந்து வைத்தார். நல்ல கட்டிடம். ஆனால் மேல் டிவிசனிலிருந்து பிரசவ வலியோடு புறப்படும் பெண்ணுக்கு முதல் மூன்று கிலோமீற்றர்தான் கண்டம்.

2025 மே 6 தேர்தலில் தெரிவான உறுப்பினர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். நகர சபையும் சுற்றியுள்ள பிரதேச சபைகளும் ஒரே மேசையில் இருந்து பஸ், குப்பை, தண்ணீர், தோட்டப் பாதை நான்குக்கும் ஒரே திட்டம் போடட்டும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் வர்த்தகர்களும் நம் தெரு விளக்குக்கு மட்டும் மனுக் கொடுக்காமல் இதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். சபைகளின் வரவு செலவுத் திட்டம் வருட இறுதிக்குள் நிறைவேறிவிடும். மனு அதற்கு முன் போய்ச் சேர வேண்டும்.