நிகழ்காலம் இல்லாத ஒரு வினைச்சொல்



ஆங்கிலத்தில் ‘மிஸ்ஜட்ஜ்’ என்றொரு வினைச்சொல் உண்டு. தவறாக மதிப்பிடுதல் என்பது அதன் பொருள். ‘ஜட்ஜ்’ என்பதன் வேர் லத்தீன் மொழியிலிருக்கிறது; நீதியைக் குறிக்கும் சொல்லும் உரைத்தலைக் குறிக்கும் சொல்லும் இணைந்து பிறந்தது அது. தவற்றைக் குறிக்கும் ‘மிஸ்’ அதன் முன்னே சேரும்போது, பிழையான தீர்ப்பை உரைத்தல் என்றாகிறது. ‘மிஸ்அண்டர்ஸ்டாண்ட்’ என்னும் சொல் இதற்கு அண்டை வீடு போன்றது. ஆயினும் இரண்டும் ஒன்றல்ல. பொருள் விளங்காமற்போவது அது. விளங்காத நிலையிலேயே நியாயாசனத்தில் அமர்ந்து தீர்ப்புச் சொல்லிவிடுவது இது.

ஆங்கிலம் பேசுவோர் இச்சொல்லை மனிதரைக்குறித்து மட்டுமன்றி, தூரத்தையும் வேகத்தையும்குறித்தும் வழங்குகிறார்கள். ஆனால் விளைவில் பெரிய வேறுபாடுண்டு. வாய்க்காலின் அகலத்தைத் தவறாகக் கணித்துத் தாண்டுகிறவன் தானே நனைகிறான். ஒரு மனிதரைத் தவறாகக் கணிக்கிறபோதோ, முதலில் காயப்படுகிறவர் கணிக்கப்பட்டவரே.

இச்சொல்லின் இலக்கணத்திலும் ஒரு பாடம் இருக்கிறது. ‘அவரைத் தவறாக மதிப்பிட்டேன்’ என்று கடந்தகாலத்தில் சொல்லுகிறோம். ‘அவரை இப்போது தவறாக மதிப்பிடுகிறேன்’ என்று ஒருவரும் மனதாரச் சொல்லுவதில்லை. தவறென்று தெரிந்த கணத்திலேயே மதிப்பீடு மாறிவிடுகிறது அல்லவா? பொய்யாக நம்புதல் என்று பொருள்படும் ஒரு வினைச்சொல் இருக்குமானால், அதற்குத் தன்மை நிகழ்காலம் பொருளுடையதாக இராது என்று தத்துவஞானி விட்கன்ஸ்டைன் எழுதியிருக்கிறார். அவர் காலமானபின் 1953ஆம் ஆண்டு வெளியான நூலில் அக்கருத்து இடம்பெற்றிருக்கிறது. அப்படியானால், இந்த வாரத்தில் நாம் தவறாகத் தீர்த்துவைத்திருக்கிற மனிதர் யாரென்பது நமக்கே தெரியாது. நம்முடைய தீர்ப்புகளில் மிக உறுதியானதாகத் தோன்றுகிற ஒன்றேகூட அதுவாக இருக்கலாம்.

சீலோவில் நடந்ததைச் சற்றே தியானிப்போம். 1 சாமுவேல் முதலாம் அதிகாரத்தில், பிள்ளையில்லாத அன்னாள் மனங்கசந்து ஜெபிக்கிறாள். உதடுகள் அசைகின்றன, சத்தம் கேட்கப்படவில்லை. வாசல்நிலையண்டையில் உட்கார்ந்திருந்த ஆசாரியனாகிய ஏலி, அவள் குடித்திருக்கிறாள் என்று எண்ணிக் கடிந்துகொள்ளுகிறான். இவன் அனுபவமற்றவன் அல்லன். 40 வருஷம் இஸ்ரவேலை நியாயம் விசாரித்தவன் என்று வேதம் அவனைக்குறித்துச் சொல்லுகிறது. நியாயம் விசாரிப்பதையே தொழிலாகக் கொண்டவன் ஜெபத்தைப் போதையென்று தீர்த்தான். அவன் கண் கண்டது மெய்யே. உதடுகள் அசையத்தான் செய்தன. கண்டதற்கும் முடிவுக்கும் நடுவே கேட்கவேண்டிய ஒரு கேள்வியை அவன் கேட்கவில்லை. கேட்குமுன் உத்தரவு சொல்லுதல் புத்தியீனம் என்று நீதிமொழிகள் 18:13 எச்சரிப்பது இதையே.

ஆனாலும் ஏலியிடம் நாம் கற்கவேண்டிய நன்மையும் ஒன்று உண்டு. அன்னாள் தன் மனக்கிலேசத்தைத் தாழ்மையோடு எடுத்துரைத்தபோது, அவன் தன் பதவியின் கௌரவத்தைக் காக்கும்படி வாதாடவில்லை. கடிந்துகொண்ட அதே வாய், அதே இடத்தில், அதே பெண்ணைச் சமாதானத்தோடே போகும்படி ஆசீர்வதித்தது. அவள் முகம் அதன்பின் துக்கமுகமாயிருக்கவில்லை.

இங்கேதான் நம்முடைய சபைகள் பெரும்பாலும் தவறிவிடுகின்றன என்பது என் கருத்து. ஆராதனைக்குத் தாமதமாய் வருகிற சகோதரியை அசட்டையுள்ளவள் என்கிறோம்; வீட்டில் படுக்கையாயிருக்கும் மாமியாருக்கு உணவூட்டிவிட்டு வருகிறாள் என்பது பிற்பாடு தெரியவருகிறது. அப்போது, “அவளைத் தப்பாக நினைத்துவிட்டோம்” என்று நமக்குள்ளே பேசி நிறுத்திக்கொள்ளுகிறோம். அவளிடத்தில் ஒருவரும் சொல்லுவதில்லை. தீர்ப்பு பலர் காதில் விழுந்தது. திருத்தமோ நம் நெஞ்சோடு நின்றுபோயிற்று. சொல்லப்படாத திருத்தம் பாதித் திருத்தமே.

அப்படியானால் நியாயந்தீர்க்கவே கூடாதா? மத்தேயு 7ஆம் அதிகாரத்தில் குற்றவாளிகளென்று தீர்ப்பதை விலக்கின ஆண்டவரே, யோவான் 7:24இல் தோற்றத்தின்படி தீர்க்காமல் நீதியாய்த் தீர்க்கும்படி கற்பிக்கிறார். பகுத்தறிதலை அவர் நம்மிடத்திலிருந்து எடுத்துப்போடவில்லை. அவசரத்தையே விலக்கச் சொல்லுகிறார். தீர்ப்புக்கு முன் ஒரு கேள்வி. தவறென்று தெரிந்தபின் உரியவரிடத்திலேயே ஒரு வார்த்தை. இவ்விரண்டையும் இந்த வாரத்தில் கைக்கொள்ளுவோமாக.

ஜெபம்: இருதயங்களை ஆராய்கிற தேவனே, நாங்கள் காணாததை நீர் காண்கிறீர். கேட்கிற செவியையும், தவற்றை அறியும்போது அதை வாய்திறந்து சொல்லும் தாழ்மையையும் எங்களுக்குத் தந்தருளும். இயேசுவின் நாமத்தில் வேண்டுகிறோம், எங்கள் பிதாவே. ஆமென்.